உஷார்! ‘நல்லா இளைச்சிட்டியே’ன்னு சொல்றதுக்கு முன்னாடி...

வீட்டில் வெங்காரம் இருக்கிறதா? அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால், நாட்டு மருந்து டப்பாவுக்குள், ஏதாவது பழைய பாட்டிலில்? முதலில் எழுந்து போய் அதை எடுத்துக் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

ஏன் இந்தப் பதற்றம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2026 ஜனவரி. பொங்கல் பானையின் மஞ்சள் கொத்துகூட வாடியிருக்காது. காரைக்குடியில் பஸ் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் போய்விடுகிற நம் மதுரையில், 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தி. உடம்பு கொஞ்சம் பூசினாற்போல இருக்கும் பெண். இளைக்க வேண்டும் என்று ஆசை. யூடியூபில் ஒரு வீடியோ பார்த்தாள். வெங்காரம் சாப்பிட்டால் கொழுப்பு கரையும் என்று அதில் சொன்னார்கள். நாட்டு மருந்துக் கடைக்குப் போய் வாங்கிவந்து சாப்பிட்டாள். வாந்தி, வயிற்றுப்போக்கு. மருத்துவம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். நிற்கவில்லை. வயிற்றுவலி கூடிக்கொண்டே போனது. அந்தப் பிள்ளை பிழைக்கவில்லை.

கையில் ஒரு சின்னப் பொட்டலம். ஒரு வீடியோ. ஒரு உயிர்.

இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் வெங்காரம் எனக்கு அந்நியப் பொருள் இல்லை. உங்களுக்கும் இருக்காது. கைக்குழந்தைக்கு வாய்ப்புண் வந்தால் வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவிய ஆயாக்களின் கையில் வளர்ந்தவர்கள் நாம். (அதுவும் வேண்டாம் என்றுதான் இன்றைய குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒரு வயதுக்குள் தேனே கூடாது.) நகை ஆசாரி பட்டறையில் பொன்னைப் பற்றவைக்கும்போது தூவுவதும் இதே வெங்காரம்தான். சித்த மருத்துவத்தில் இதற்கு இடம் உண்டு. ஆனால் அங்கே சுத்தி செய்து, பொரித்து, துளியிலும் துளியாக, வைத்தியர் அளந்து கொடுப்பார். கடைப் பொட்டலத்தைப் பிரித்து அப்படியே விழுங்குவது மருந்து இல்லை. அது குடலை அரிக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், ரத்த அழுத்தத்தைக் கீழே தள்ளும். சாப்பாட்டுப் பொருளில் சேர்க்கவே அனுமதி இல்லாத ஒன்று அது.

தெரிந்த பொருள் என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. ‘நாட்டு மருந்துதானே, ஒண்ணும் செய்யாது’ என்று நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம்.

இன்னொன்றையும் கேளுங்கள். 2025 ஜூலை. கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் பக்கம் 17 வயதுப் பையன். பொறியியல் கல்லூரியில் சேரப் போகிறான். அதற்குள் ஒல்லியாகிவிட வேண்டும். மூன்று மாதமாகப் பழச்சாறு மட்டுமே குடித்தான், அதுவும் யூடியூப் பார்த்து, என்று வீட்டார் சொன்னதாகச் செய்தி வந்தது. திடீரென்று மூச்சுத் திணறல். போய்விட்டான். அதே ஆண்டு மார்ச்சில் கேரளத்துக் கண்ணூர்ப் பக்கம் 18 வயதுப் பெண். மாதக் கணக்கில் சோற்றை ஒதுக்கிவிட்டு வெந்நீரில் காலம் தள்ளியிருக்கிறாள். தலைச்சேரி மருத்துவமனையில் சேர்த்தும் காப்பாற்ற முடியவில்லை.

மூன்று பிள்ளைகள். மூன்றும் இருபதைத் தாண்டாதவை. மூன்று வீட்டிலும் அம்மா இருந்தாள், அடுப்பு இருந்தது, அரிசி இருந்தது.

இது எங்கோ நடக்கிற சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவிலேயே நடந்தது. அந்தப் பெண்ணின் பேரைச் சொல்ல மாட்டேன். 24 வயது. தை மாதம் முகூர்த்தம் குறித்தாயிற்று. மாப்பிள்ளை சிங்கப்பூரில் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போன வீட்டில் யாரோ ஒரு அயித்தை, ‘பொண்ணு லட்சணம், கொஞ்சம் உடம்புதான்’ என்று சொன்னது எப்படியோ இவள் காதுக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான். ஐப்பசியில் ஆரம்பித்தாள்.

காலையில் ஒரு ஷேக். மத்தியானம் வெள்ளரிக்காய். ராத்திரி கிரீன் டீ. போதாததற்கு, போனில் ஆர்டர் போட்டு வரவழைத்த ஒரு சூரண டப்பா. அதைச் சாப்பிட்டால் தினமும் நாலு தடவை போகும். ‘கொழுப்புக் கரைஞ்சு வெளியே போகுது, பயப்படாதீங்க’ என்று விற்றவர் வாய்ஸ் மெசேஜில் சொல்லியிருக்கிறார். பத்து வாரத்தில் பதினோரு கிலோ குறைந்தது. ஜவுளி எடுக்கப் போன இடத்தில், பத்திரிகை வைக்கப் போன வீடுகளில், எங்கே பார்த்தாலும் ஒரே பாராட்டு. ‘நல்லா இளைச்சிட்டியே ஆத்தா! என்ன செஞ்சே, எங்களுக்கும் சொல்லு!’

நானும் சொன்னேன். கோயில் வாசலில் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அதையேதான் சொன்னேன். அந்தக் கை ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது. மார்கழிக் குளிர் என்று நினைத்துக்கொண்டேன். இன்றுவரை அது என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது.

முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. ‘தண்ணி மாறினதாலே’ என்றார்கள். இரண்டு மாதமாக வீட்டுக்கு விலக்காகவில்லை. ‘கல்யாண டென்ஷன்’ என்றார்கள். மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடத்தது. ‘சந்தோஷம்’ என்றார்கள்! ஒருநாள் காலையில் வளவு முற்றத்தில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் 2.6. அது 3.5க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் இதயத் துடிப்பு தாளம் தப்பும். மூன்று நாள் ஐசியூவில் வைத்து, மானிட்டரைப் பார்த்துப் பார்த்துத் துளித் துளியாக ஏற்றினார்கள். டாக்டர் அந்த டப்பாவைக் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தார்கள். உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அதில் ஒரு வரி இல்லை.

ஆண்டவன் புண்ணியம், பிழைத்தாள். கல்யாணமும் நடந்தது. திருப்பூட்டும்போது அவள் ஆயா அழுதது ஆனந்தக் கண்ணீர் இல்லை. கழுத்துரு என்ற கனமான தாலியை இந்தக் கழுத்து தாங்குமா என்ற பயத்தில் அழுதார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து இதை மட்டும் மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆபத்தின் அறிகுறியைத்தான் நாம் பலன் என்று நினைத்துக் கொண்டாடுகிறோம்.

பேதியானால் கழிவு வெளியேறுகிறதாம். வாந்தி வந்தால் பித்தம் போகிறதாம். தலை சுற்றினால் கொழுப்பு கரைகிறதாம். கன்னம் ஒட்டினால் அழகாம். மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்ந்து, மறுநாள் இன்னும் ஒரு ஸ்பூன் கூடப் போட்டுக்கொள்கிறார்கள். உடம்பு கத்துகிறது. நாம் கை தட்டுகிறோம்.

உடம்பில் சேர்ந்த கொழுப்பு ஒருபோதும் பேதியில் போகாது. போவது தண்ணீர், உப்பு, பொட்டாசியம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று இருக்கிறது. டயட் ஆரம்பித்த முதல் வாரத்தில் மூன்று கிலோகூடக் குறையலாம். அதைப் பார்த்துத் துள்ளாதீர்கள். ஈரலிலும் தசையிலும் உடம்பு கொஞ்சம் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும். ஒரு கிராம் மாவுச்சத்தோடு சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். சோற்றை நிறுத்தியதும் முதலில் கரைவது அந்தச் சேமிப்பு, கூடவே அந்தத் தண்ணீர். கொழுப்பு இன்னும் பெரிதாக அசையவில்லை. மூன்றாவது வாரம் எடை மெஷின் முள் அப்படியே நின்றுவிடும். சாப்பாட்டைக் குறைத்தும் நிற்கிறதே என்று மனம் ஒடியும்.

அந்த மூன்றாவது வாரம்தான் பயங்கரம். பாதிப் பேர் அன்றைக்கு விட்டுவிட்டு, நாலு கந்தரப்பத்தைக் கோபத்தோடு சாப்பிடுகிறார்கள். அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மீதிப் பேர் ராத்திரி பதினொரு மணிக்கு போனை எடுத்து ‘சீக்கிரம் இளைக்க’ என்று தேடுகிறார்கள். அவர்களைப் பற்றித்தான் வயிறு கலங்குகிறது. வெங்காரமும் சூரண டப்பாவும் அந்த நேரத்தில்தான் கண்ணில் படுகின்றன.

முள் நகராவிட்டால் எதுவும் நடக்கவில்லை என்று யார் சொன்னது? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை நோயின் விளிம்பில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு தொடர்ந்து பார்த்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி, தினமும் அரை மணி வேகமாக நடந்தவர்களுக்கு, அந்தப் பயிற்சி பெறாத குழுவினரைவிடச் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை பெரிதாகக் குறையவே இல்லை! மெஷினில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே உடம்பு திருந்திக்கொண்டிருந்தது. நம் மண்ணில், நம் ஆட்களை வைத்து நடந்த ஆராய்ச்சி இது. மூன்றாவது வாரம் மனம் சோரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எடை குறைக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோடு இருந்தார்கள். பத்தில் நாலு பேர்! பெண்களுக்கு இடுப்புச் சுற்று 80 சென்டிமீட்டரையும் ஆண்களுக்கு 90ஐயும் தாண்டினால் கவனிக்கத்தான் வேண்டும். நம் ஊர் விருந்தும் பலகாரமும் சும்மா விடுமா? ஆனால் நாள் குறித்து, கெடு வைத்துக் குறைப்பது வேறு. முகூர்த்தத்துக்குள், காலேஜ் திறப்பதற்குள், மாப்பிள்ளை ஊருக்கு வருவதற்குள் என்று எப்போது ஒரு தேதி நுழைகிறதோ, அப்போது புத்தி வெளியே போய்விடுகிறது.

வாரத்துக்கு அரைக் கிலோ. மிஞ்சினால் ஒரு கிலோ. அதற்கு மேல் குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள், பயப்படுங்கள். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கரைகிறவர்களுக்குப் பித்தப்பையில் கல் உருவாகும் ஆபத்து கூடுகிறது. இளைத்த கையோடு ஆபரேஷன் டேபிளில் படுக்க யாருக்கு ஆசை?

பெரியவர்களே, உங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டு அப்பச்சி. அறுபதை நெருங்குகிறவர். ‘மக்களைத் தேடி மருத்துவ’த்தில் சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே வருகிறது. பேரப்பிள்ளை ‘தொப்பை அய்யா’ என்றதாம். அன்று முதல் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். மாத்திரையை நிறுத்தவில்லை. நாலாம் நாள் விடியற்காலை, வேட்டி சட்டையெல்லாம் தெப்பமாக நனைந்து, உளறிக்கொண்டு கிடந்தார். வாதமோ என்று வீடே அலறியது. சுகர் 42!

மாத்திரை அதன் வேலையைச் செய்யும். வயிற்றில் சோறு இருக்கிறதா என்று அது பார்க்காது.

சுகருக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், டாக்டரிடம் சொல்லாமல் ஒரு வேளைகூடச் சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. சாப்பாடு குறைந்தால் மருந்தின் அளவும் மாற வேண்டியிருக்கும். பிரஷர் மாத்திரைக்கும் அப்படித்தான். சில வகை சுகர் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே சோறு, இட்லி எதையும் தொடாமல் ‘கீட்டோ’ இருந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் முதலில் சுகர் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். கால் மணி கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரையேறி மூச்சு அடைத்துவிடும். 108ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொரு கொடுமை. பக்கத்து வீட்டம்மா தைராய்டு மாத்திரை சாப்பிட்டு இளைத்தார் என்று, தைராய்டு கோளாறே இல்லாதவர்கள் அந்த மாத்திரையை வாங்கிப் போடுவது. கடன் வாங்கிப் போடும் பொருளா அது? நெஞ்சு குதிரைபோல ஓடும். எலும்பு தேயும். வயதானவர்களுக்கு இதயத் துடிப்பே குலைந்துபோகும்.

எடை குறைக்கும் ஊசி பற்றியும் சொல்லாவிட்டால் விடமாட்டீர்கள். மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. உண்மையான மருந்துகள்தான். டாக்டர் பார்த்து, சீட்டு எழுதி, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கொடுக்க வேண்டியவை. கணையம் வீங்கிய வரலாறு இருந்தால், குடும்பத்தில் குறிப்பிட்ட வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால், கர்ப்பம் என்றால், கூடாது. ‘தங்கச்சி துபாயிலேர்ந்து கொண்டாந்தா’, ‘இன்ஸ்டாகிராமில் பாதி விலை’ என்று வரும் ஊசியைத் தொடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

டப்பாக்களும் அப்படித்தான். சிபுட்ரமின் என்று ஒரு மருந்து. பசியை அடக்கும், கூடவே மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கொண்டுவரும் என்று கண்டுபிடித்து, இந்தியாவில் 2011இல் தடை செய்துவிட்டார்கள். தடை செய்தாலும் ‘நூறு சதம் மூலிகை’ என்று லேபிள் ஒட்டிய பொடிகளுக்குள் அதை ஒளித்துக் கலந்து விற்பதை உலகம் முழுக்கப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே விற்கிறவர் பேச்சைக் கூர்ந்து கேளுங்கள். ‘பத்து நாளில் பத்துக் கிலோ, கேரண்டி’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ‘டாக்டர்கிட்டே சொல்ல வேண்டாம், அவங்களுக்குப் பிடிக்காது’ என்றால் ஓடி வந்துவிடுங்கள். டப்பாவில் சேர்மானம் இல்லை, தயாரித்த முகவரி இல்லை, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இல்லை என்றால் அது சாப்பிடும் பொருளே இல்லை. எண் இருந்தாலே நல்லது என்றும் நம்பிவிடாதீர்கள்.

இனி வீட்டில் கவனிக்க வேண்டியவை. அம்மாமார்களே, ஆயாமார்களே, இது உங்களுக்கு.

பிள்ளை சாப்பாட்டு நேரத்தில் குளிக்கப் போகிறாளா? ‘ஃப்ரெண்ட் வீட்டிலே சாப்பிட்டேன்’ என்று தினமும் சொல்கிறாளா? சாப்பிட்டவுடன் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாளா? தொளதொளச் சட்டைக்குள் உடம்பை ஒளிக்கிறாளா? நாளுக்கு நாலு தடவை மெஷினில் ஏறி நிற்கிறாளா? வெயில் காலத்திலும் குளிர்கிறது என்கிறாளா? உஷார்!

மாதவிலக்கு இரண்டு மாதம் வரவில்லை என்றால் அது டென்ஷன் இல்லை. ‘பிள்ளை பெறுகிற அளவுக்கு என்னிடம் சத்து இல்லை’ என்று உடம்பு கடையைப் பூட்டிவிட்டது என்று பொருள். டாக்டரிடம் போங்கள்.

இன்னொரு அறிகுறியை யாரும் சந்தேகப்படவே மாட்டார்கள். சாப்பிடாத பிள்ளை ராத்திரி முழுக்கச் சமையல் வீடியோ பார்க்கும். தான் தொடாமல் மற்றவர்களுக்கு விதவிதமாகச் செய்து போடும். ‘எம் பொண்ணுக்குச் சமையலில் ஆர்வம் வந்துட்டுது’ என்று பூரித்துப் போவோம். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் ஏறக்குறைய பாதி வயிற்றுக்குத்தான் சோறு கொடுத்துப் பார்த்தார். திடகாத்திரமான ஆண்கள். அவர்களுக்கும் குளிர் எடுத்தது, முடி கொட்டியது, மனம் இருண்டது, எரிந்து விழுந்தார்கள். நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைவு. சமையல் புத்தகங்களை வாங்கி வாங்கி வைத்துப் படித்தார்கள். அது ஆர்வம் இல்லை. பசி.

அப்படி வெகுநாள் பட்டினி கிடந்த பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டால், பதறிப்போய் உட்காரவைத்து ஒரே நாளில் விருந்து போட்டுவிடாதீர்கள். காய்ந்த உடம்பில் திடீரென்று சாப்பாடு இறங்கினால் ரத்தத்தில் உள்ள உப்புச் சத்துகள் சரசரவென்று கீழே போகும். அதிலும் உயிர் போகும். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறை முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்கள் பலர், சாப்பாடு கிடைத்த பிறகு செத்தார்கள். மருத்துவமனையில் வைத்து, அளந்துதான் ஊட்ட வேண்டும். மனநல உதவிக்கு 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண் இருக்கிறது. கூச்சப்படாமல் கூப்பிடுங்கள். திட்டாதீர்கள். ‘பைத்தியமா உனக்கு’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

சரி, எப்படித்தான் ஆரம்பிப்பது?

முதல் செலவு ஜிம்முக்கு வேண்டாம், ரத்தப் பரிசோதனைக்கு இருக்கட்டும். சுகர், பிரஷர், தைராய்டு, ரத்தச் சோகை. காரைக்குடி அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது, பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய், ‘எடை குறைக்கப் போறேன், பார்த்துச் சொல்லுங்க’ என்று கேளுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் தாமாக எதையும் தொடங்கவே கூடாது.

மெஷினை வாரம் ஒரு நாள் மட்டும் தொடுங்கள். ஞாயிறு காலை, வெறும் வயிற்றில். மற்ற நாளில் அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுங்கள். மாதம் ஒரு தடவை இடுப்பில் டேப் வைத்துப் பாருங்கள். மெஷின் மௌனமாக இருக்கும்போது டேப் பேசும்.

நடங்கள். சிவகங்கைச் சீமை வெயிலில் பத்து மணிக்கு நடக்கக் கிளம்பாதீர்கள், சுருண்டு விழுவீர்கள். ஏழு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். தெருவில் நடக்கக் கூச்சமா? நம் ஊர் வீடுகளைப்போல யாருக்கு இருக்கிறது! முகப்பில் நுழைந்தால் பின்கட்டு அடுத்த தெருவில் முடிகிறது. முற்றத்தைச் சுற்றிப் பத்திகளில் இருபது நிமிடம் நடந்தால் போதும். முதல் வாரம் பத்து நிமிடம், அடுத்த வாரம் பதினைந்து. ஆண்டு முழுக்கத் திண்ணையை விட்டு இறங்காதவர்கள் தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரையில் திடீரென்று இறங்குவதையும் பார்க்கிறேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான், மூன்று மாதம் முன்பே நடந்து பழகிவிட்டுப் போங்கள். வழியில் நெஞ்சு அழுத்தினால், இடது தோள் வலித்தால், அதை வேண்டுதல் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடக்காதீர்கள்.

சோற்றை நிறுத்தாதீர்கள், பாதியாக்குங்கள். எடுத்த பாதியின் இடத்தில் வெண்டைக்காய் மண்டியும் கீரையும் அவித்த முட்டையும் சுண்டலும் வரட்டும். கவுனி அரிசி இளைக்க வைக்கும் என்று கேள்விப்பட்டு அதைச் சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் போட்டுக் கிண்டிச் சாப்பிடுகிறார்கள். அது பலகாரம், டயட் இல்லை. ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பார்கள். கொள்ளு மட்டும் என்று எந்தக் கிழவியும் சொல்லவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் கந்தரப்பம் ஒன்று சாப்பிடுங்கள். அழுதுகொண்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து பத்து சாப்பிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் தவறினால் மறுநாள் பட்டினி போடாதீர்கள். மறுநாள் வழக்கம்போலச் சாப்பிட்டு, வழக்கம்போல நடங்கள்.

எங்கள் தெருப் பெண் இப்போது அப்படித்தான் செய்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்சம் எடை ஏறியிருக்கிறது. விசா வரும்வரை இங்கேதான் இருக்கிறாள். சாயங்காலம் ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு வளவைச் சுற்றுகிறாள். மாதவிலக்கு திரும்ப வர ஐந்து மாதம் ஆனது. முடி இன்னும் முழுசாக வரவில்லை.

யாராவது எதையாவது ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டார்கள் என்றால், ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள். மோர் கொடுத்துப் பார்ப்போம், விடியட்டும் என்று நினைக்காதீர்கள். வாந்தி எடுக்கவைக்க விரலை விடாதீர்கள். பொட்டலம், டப்பா, பாட்டில் எது மிச்சம் இருந்தாலும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எப்போது, எவ்வளவு சாப்பிட்டது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் வாந்தி நிற்கவில்லை, சிறுநீர் குறைகிறது, மலத்தில் ரத்தம் தெரிகிறது என்றால், ‘காலையிலேதானே பார்த்தோம்’ என்று யோசிக்காமல் மறுபடி கிளம்புங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு.

இப்போது இதை மடித்து வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, மத்தியானம் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். சாப்பிட்டேன் என்று சொன்னால், அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப் பானையைத் திறந்து பாருங்கள்.